எம்வி *.ஜேபெக் *.ஜேபிஜி ஏன் வேலை செய்யவில்லை? மொத்தமாகப் பெயர் மாற்ற என்ன வழி?

நீலத்திரை:
வணக்கம். ஒரே ஃபோல்டரில் நாலாயிரத்துக்கு மேல் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டு கேமராக்களில் எடுத்த படங்கள், ஸ்கேன் செய்த பக்கங்கள், தமிழில் பெயர் வைத்த ஒலிப்பதிவுகள், எல்லாம் கலந்து. சில படங்களின் வால் (பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவது) ஜேபெக், சிலது ஜேபிஜி, சிலது அதே ஜேபிஜி ஆனால் பெரிய எழுத்தில். பெயர்களுக்கு நடுவே இடைவெளி வேறு. ஸ்கேன் பக்கங்கள் 1-இல் தொடங்கி 312 வரை போகின்றன, வரிசைப்படுத்தினால் 1, 10, 100, 101 என்று ஓடி 2 எங்கோ கீழே கிடக்கிறது.

விண்டோஸில் ரென் *.ஜேபெக் *.ஜேபிஜி என்று அடித்தால் மாறிவிடும். லினக்ஸில் அதையே, பெயர் மாற்றும் கட்டளையான எம்வி போட்டு அடித்தால் "இலக்கு ஒரு டைரக்டரி (ஃபோல்டர்) இல்லை" என்று திட்டுகிறது. நான் டைரக்டரியைப் பற்றிப் பேசவே இல்லையே?

ஒரு வேண்டுகோள். அப்படியே ஒட்டுவதற்கு ஒரு வரிக் கட்டளை தராதீர்கள், தந்தால் யோசிக்காமல் ஒட்டி ஓட்டிவிடுவேன். என்ன நடக்கிறது என்று வார்த்தையில் சொன்னால் கட்டளையை நானே எழுதிக்கொள்கிறேன்.

பழங்கணினி:
நட்சத்திரத்தை யார் விரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விண்டோஸின் பழைய கருப்புத் திரையில் நட்சத்திரம் அப்படியே ரென் கட்டளையின் கைக்குப் போகும், அதுவே இரண்டு பக்கத்து நட்சத்திரத்தையும் பொருத்திப் பார்த்து மாற்றும். லினக்ஸில் எம்வி நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் என்டர் தட்டிய உடனே ஷெல், அதாவது கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல், அதை எடுத்து, பொருந்துகிற கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதி, அந்த நீளப் பட்டியலைத்தான் எம்வியிடம் தருகிறது. எம்விக்கு இரண்டே வேலை தெரியும்: ஒரு பெயரை இன்னொன்றாக மாற்றுவது, பல கோப்புகளைக் கடைசியாகச் சொன்ன டைரக்டரிக்குள் தள்ளுவது. நூறு பெயர்கள் வந்ததும் இது இரண்டாவது வேலை என்று நினைத்துக் கடைசிப் பெயரைப் பார்த்தது, அது டைரக்டரி இல்லை, திட்டியது.

திட்டியதற்குச் சந்தோஷப்படுங்கள். ஃபோல்டரில் சரியாக இரண்டே ஜேபெக் கோப்புகள் இருந்து, நீங்கள் இலக்கை மறந்து எம்வி *.ஜேபெக் என்று மட்டும் அடித்திருந்தால், முதல் கோப்பு இரண்டாவதன் பெயரை எடுத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது போயே போச்சு. ஒரு வரி எச்சரிக்கை கூட வராது.

தந்ததை அப்படியே திரையில் காட்டும் எக்கோ கட்டளையை முன்னால் போட்டு அதே வரியை ஓட்டிப் பாருங்கள், ஷெல் என்னவாக விரிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

ரீஜெக்ஸ்_பைத்தியம்:
இதற்குத்தான் ரீநேம் என்று தனிக் கட்டளையே இருக்கிறது நண்பரே. எஸ் போட்டு, சாய்கோடு, தேட வேண்டியது, சாய்கோடு, அதற்குப் பதில் போட வேண்டியது, சாய்கோடு, இதை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து, பின்னால் *.ஜேபெக். முடிந்தது. தேடுகிற பகுதியில் புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போடுங்கள், இல்லையென்றால் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும். கடைசியில் டாலர் குறி போடுங்கள், அப்போதுதான் பெயரின் வாலை மட்டும் தொடும், நடுவில் தற்செயலாக வரும் ஜேபெக்கை விட்டுவிடும். மைனஸ் என் சேர்த்தால் எதையும் மாற்றாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டும்.

அடைப்புக்குறி:
பைத்தியம் அண்ணே, எந்த ரீநேம்? இதைச் சொல்லாமல் விட்டால் அவர் பாதி நாளை வீணாக்குவார்.

ரீநேம் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு நிரல்கள் உலாவுகின்றன. ஒன்று பெர்லில் எழுதியது, லாரி வால் எழுதிய பழைய ஸ்கிரிப்ட்டின் வழி வந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் ரீநேம் தொகுப்பை நிறுவினால் கிடைப்பது அதுதான். இன்னொன்று யுடில்-லினக்ஸ் தொகுப்போடு வருவது, ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் ரீநேம் என்று அடித்தால் எழுந்து வருவது அது. அதற்கு ரீஜெக்ஸ், அதாவது புள்ளி, டாலர் மாதிரிக் குறிகளால் தேடும் முறை, தெரியாது. முதலில் பழைய துண்டு, அப்புறம் புதிய துண்டு, அப்புறம் கோப்புகள், அவ்வளவுதான் அதன் இலக்கணம். நீங்கள் சொன்ன எஸ் சாய்கோடு வரியை அதனிடம் கொடுத்தால் அந்த முழு வரியையே பழைய துண்டு என்று நினைத்துக்கொள்ளும், முதல் கோப்பின் பெயரைப் புதிய துண்டு என்று எடுத்துக்கொள்ளும், எந்தக் கோப்பிலும் அது பொருந்தாது, சத்தமில்லாமல் வெளியே வந்துவிடும். ஆள் "ஓடிவிட்டது, ஆனால் எதுவும் மாறவில்லை" என்று வந்து கேட்பார். இந்தக் கேள்வி எத்தனை முறை வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். பெர்ல் ரீநேம், அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு இருந்தால் மாற்ற மறுக்கும், மைனஸ் எஃப் போட்டு வற்புறுத்தினால்தான் மேலெழுதும். யுடில்-லினக்ஸ் ரீநேம் சொன்னதைச் செய்யும், கேள்வி கேட்காது. அதன் கையேட்டிலேயே இயல்பாகப் பாதுகாப்பு எதுவும் கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மைனஸ் ஓ போட்டால் மேலெழுதாது, மைனஸ் என் போட்டால் சும்மா காட்டும்.

ரீஜெக்ஸ்_பைத்தியம்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ரீநேம் மைனஸ் மைனஸ் வெர்ஷன் அடித்தால் எது என்று தெரிந்துவிடும். ஆனால் யுடில்-லினக்ஸ் ஒன்றும் குப்பை இல்லை, வால் மாற்ற அது போதும், ரீஜெக்ஸ் தெரியாதவர்களுக்கு அதுதான் எளிது. எண்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்கும் தந்திரம் கூட அதன் கையேட்டில் இருக்கிறது. பக்கம்1 முதல் பக்கம்312 வரை என்றால், ஒற்றை எண் உள்ளவற்றை மட்டும் கேள்விக்குறி ஒன்று போட்டுப் பிடித்து "பக்கம்" என்பதைப் "பக்கம்00" ஆக்கு, இரட்டை எண்களைக் கேள்விக்குறி இரண்டு போட்டுப் பிடித்துப் "பக்கம்0" ஆக்கு, மூன்று எண் உள்ளவை அப்படியே இருக்கட்டும். இரண்டே வரி.

சுண்டெலி:
எதற்கு இத்தனை பாடு? துனார் கோப்பு மேலாளரில் மொத்தப் பெயர் மாற்றம் இருக்கிறது, கேடிஇ ஆட்களுக்குக் கேரீநேம், விண்டோஸில் பவர்டாய்ஸ் நிறுவினால் பவர்ரீநேம். எல்லாவற்றிலும் பழைய பெயர் ஒரு பக்கம், புதிய பெயர் ஒரு பக்கம், பார்த்துவிட்டு அழுத்தினால் போதும்.

பழங்கணினி:
சுண்டெலி சொல்வதில் தப்பில்லை, ஒரு ஃபோல்டர், ஒரே விதி என்றால் அதுதான் வேகம். அவர் கேட்டது டெர்மினல் வழி, அதனால் சொல்கிறோம். ஆனால் அந்தக் கருவிகளில் இருக்கிற நல்ல விஷயத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். அதை டெர்மினலிலும் விடக் கூடாது. கீழே எழுதுகிறேன்.

நீலத்திரை, முதலில் லூப். கூடுதலாக எதையும் நிறுவாமல் எங்கும் ஓடுவது ஃபார் லூப்தான். ஃபார், ஒரு மாறியின் பெயர், இன், *.ஜேபெக், அரைப்புள்ளி, டூ, உள்ளே ஓர் எம்வி, டன். உள்ளே இருக்கும் எம்வியில் மூன்று இடம் கவனம். ஒன்று, மாறியை எழுதும்போது இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் "பழைய படம் 3" என்ற ஒரே பெயரை ஷெல் மூன்று துண்டாக உடைத்து மூன்று கோப்பாக நினைக்கும். இரண்டு, எம்விக்கு அடுத்து தனியாக இரண்டு மைனஸ். கழித்தல் குறியில் தொடங்கும் கோப்புப் பெயர் ஏதாவது இருந்தால் அதை எம்வி தனக்கு வந்த ஆணையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது. மூன்றாவதுதான் ருசியான இடம்: சுருள் அடைப்புக்குள் மாறியின் பெயர், ஒரு சதவீதக் குறி, அப்புறம் வெட்ட வேண்டிய வால். பேஷ் (லினக்ஸில் பரவலாக உள்ள ஷெல்) அந்த வாலை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தரும், அதன் பின்னால் புது வாலை ஒட்டிக்கொள்ளுங்கள். சதவீதத்துக்குப் பதில் சாய்கோடு போட்டால் தேடி மாற்றும், ஒற்றைச் சாய்கோடு முதல் இடைவெளியை மட்டும், இரட்டைச் சாய்கோடு எல்லா இடைவெளியையும்.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை லூப்புக்குள் ஊட்டாதீர்கள். வலையில் பாதி பேர் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இடைவெளி வந்த இடத்தில் உடையும். நட்சத்திரத்தையே நேராகக் கொடுங்கள், ஷெல் உடைக்காமல் தரும்.

நீலத்திரை:
லூப் புரிந்தது, எக்கோ போட்டுப் பார்த்தேன், அழகாகக் காட்டுகிறது. ஸ்கேன் பக்கங்களுக்கு பிரின்ட்எஃப் வைத்து மூன்று இலக்கமாக்கலாம் என்று எழுதினேன். ஏற்கனவே யாரோ சில கோப்புகளுக்கு 08, 09 என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த இரண்டில் மட்டும் "செல்லாத ஆக்டல் எண்" என்கிறது. 07 வரை சரியாகப் போகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது.

அடைப்புக்குறி:
பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை பேஷ் எட்டின் அடிமான எண்ணாகப் படிக்கும். அந்த முறையில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது, அதனால் கத்துகிறது. கத்தாத இடம்தான் ஆபத்து: 010 என்று ஒரு கோப்பு இருந்தால் அதை 8 என்று படித்து 008 என்று பெயர் வைத்துவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். கணக்குக்கான இரட்டை அடைப்புக்குறிக்குள் எண்ணுக்கு முன்னால் 10# என்று சேர்த்துவிட்டால் பத்தின் அடிமானத்தில் படி என்று பொருள்.

பெர்ல் ரீநேமில் இந்தத் தொல்லை இல்லை, அது பெயரிலிருந்து எடுத்த "08"-ஐ எட்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

வரிசை மட்டும்தான் பிரச்சினை, பெயர் மாறாவிட்டாலும் பரவாயில்லை என்றால் எல்எஸ் மைனஸ் வி, சார்ட் மைனஸ் பெரிய வி, இரண்டும் எண்களை எண்ணாக மதித்து வரிசைப்படுத்தும். ஆனால் இந்தப் படங்களை வேறு யாருக்காவது அனுப்பப்போகிறீர்கள் என்றால் பூஜ்யம் சேர்த்துவிடுவதே மேல்.

ஜன்னலோரம்:
விண்டோஸ் பக்கத்தில் இருந்து கொஞ்சம். ரென் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அதிலும் குழி இருக்கிறது. பழைய 8.3 குறும்பெயர் வசதி இயங்குகிற டிரைவில் *.எச்டிஎம் என்று கொடுத்தால் எச்டிஎம்எல் கோப்புகளையும் பிடித்துக்கொள்ளும். குறும்பெயரில் வாலுக்கு மூன்று எழுத்துதான், எச்டிஎம்எல் அங்கே எச்டிஎம் என்று நிற்கும், ரென் இரண்டு பெயரையும் பார்க்கும்.

அப்புறம் முன்னொட்டை மாற்றுவது. பழையதும் புதியதும் ஒரே நீளம் என்றால் சரியாக வரும். நீளம் வேறுபட்டால் ரென் இடத்துக்கு இடம் எழுத்தை மாற்றிக்கொண்டு போகும், புதியது நீளமானால் பெயரின் நடுப்பகுதியைத் தின்றுவிடும்.

விண்டோஸின் புதிய ஷெல்லான பவர்ஷெல்லில் ரென் என்று அடித்தால் வருவது அந்த ரென் இல்லை, ரீநேம்-ஐட்டம் என்பதன் சுருக்கப் பெயர், புதிய பெயரில் நட்சத்திரம் ஏற்காது. அங்கே கெட்-சைல்டுஐட்டம் போட்டுக் கோப்புகளை எடுத்து, குழாய்க்குறி வழியாக ரீநேம்-ஐட்டத்துக்குத் தள்ளி, புதிய பெயரைச் சுருள் அடைப்புக்குள் கணக்கிட வேண்டும். மைனஸ் வாட்இஃப் சேர்த்தால் சும்மா காட்டும். மைனஸ் ரீப்ளேஸ் ரீஜெக்ஸ்தான், அதனால் மேலே புள்ளியைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும், இயல்பாகப் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. ஒரு வேடிக்கை: பழைய 5.1 பதிப்பில் எல்லாக் கோப்புகளுக்கும் முன்னால் "புது_" என்று சேர்க்கச் சொன்னால் சிலவற்றுக்குப் "புது_புது_புது_" என்று வந்து நிற்கும். பட்டியல் எடுத்து முடிப்பதற்குள் பெயர் மாறிய கோப்பு மறுபடியும் பட்டியலில் வந்து விழுகிறது. கெட்-சைல்டுஐட்டத்தைச் சாதாரண அடைப்புக்குறிக்குள் போட்டால் முழுப் பட்டியலும் முதலில் முடியும், அதற்குப் பிறகுதான் மாற்றம் தொடங்கும்.

பழங்கணினி:
இதுவரை எல்லோரும் சொன்னது எப்படி மாற்றுவது என்று. நீலத்திரையின் ஃபோல்டரில் பிரச்சினை அது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு கேமரா என்றார். கேமராக்கள் பெரும்பாலும் டிசிஎஃப் என்ற பெயரிடும் முறையைப் பின்பற்றுகின்றன, நான்கு எழுத்து, நான்கு இலக்கம், 0001 முதல் 9999 வரை, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதனால் இரண்டு கேமராவிலும் ஒரே எண் வருவது சாதாரணம். இப்போது ஒன்றின் வால் ஜேபெக், இன்னொன்றின் வால் பெரிய எழுத்து ஜேபிஜி என்பதால்தான் இரண்டும் ஒரே ஃபோல்டரில் சண்டையில்லாமல் இருக்கின்றன. வாலை ஒன்றாக்கிய கணமே இரண்டும் ஒரே பெயர். லூப்புக்குள் இருக்கும் எம்வி இரண்டாவதை முதலாவதன் மேல் எழுதிவிடும். எம்வியைக் குறை சொல்லிப் பயனில்லை, அடியில் இருக்கும் ரீநேம் என்ற சிஸ்டம் கால் (இயங்குதளத்திடம் நிரல் வைக்கும் கோரிக்கை, மேலே சொன்ன ரீநேம் கட்டளை இல்லை) அப்படித்தான், இலக்கில் ஏற்கனவே ஏதாவது இருந்தால் அதை மாற்றிவிட்டு உட்காரும்.

எம்வி மைனஸ் என் போட்டால் மேலெழுதாது. ரீநேம் கட்டளையில் மைனஸ் என் என்றால் ஒத்திகை, எம்வியில் மைனஸ் என் என்றால் இருப்பதை விட்டுவிட்டு மற்றதை நிஜமாகவே மாற்று. ஒரே எழுத்து, நேர் எதிர் குணம். ஒத்திகை என்று நினைத்து அதை ஓட்டிவிடாதீர்கள்.

நான் செய்வது இப்படி. பெயர் மாற்றம் என்பதே இரண்டு பத்திப் பட்டியல். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. லூப்புக்குள் எம்வி போடாமல், இரண்டையும் நடுவில் ஒரு டேப் விட்டு ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் வலது பத்தியை மட்டும் கட் கட்டளையால் பிரித்து, சார்ட் வழியாக யூனிக் மைனஸ் டிக்கு அனுப்புங்கள். எந்தப் பெயர் இரண்டு முறை வருகிறதோ அது மட்டும் வெளியே வரும். ஒன்றும் வரவில்லை என்றால் பட்டியலுக்குள் மோதல் இல்லை. இந்தக் கோப்புகள் பின்னால் விண்டோஸுக்கோ மேக்குக்கோ போகும் என்றால் சார்ட்டில் மைனஸ் எஃப், யூனிக்கில் மைனஸ் ஐ இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இயல்பாக ஒரே பெயர்தான். பட்டியலில் இல்லாத வேறு கோப்பு ஏதாவது அதே பெயரில் ஏற்கனவே இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளையும், மாறாதவை உட்பட, பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும், மாறாதவற்றுக்கு இரண்டு பத்தியும் ஒன்றாக இருக்கும். பட்டியலை ஒரு எடிட்டரில் திறந்து மேலிருந்து கீழே கண்ணால் ஒருமுறை ஓட்டுங்கள். அதற்கப்புறம்தான் எம்வி.

ரீஜெக்ஸ்_பைத்தியம்:
இவ்வளவையும் கையால் செய்யத் தேவையில்லை. பேஷ் மாதிரி இன்னொரு ஷெல்லான இசட்ஷெல் வைத்திருப்பவர்களுக்கு, மொத்தமாகப் பெயர் மாற்றும் இசட்எம்வி உள்ளேயே இருக்கிறது, ஆட்டோலோட் போட்டு அழைத்தால் வரும். 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கில் இசட்ஷெல்தான் இயல்பான ஷெல், அதனால் மேக் ஆட்களுக்கு இது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கோப்புகள் ஒரே பெயருக்குப் போகின்றன என்றால் ஒன்றைக்கூடத் தொடாமல் நின்றுவிடும். எம்எம்வி என்று ஒன்று, அதுவும் மோதலைப் பார்க்கும், சுழற்சியையும் சமாளிக்கும்.

அடைப்புக்குறி:
சுழற்சி என்பதைக் கொஞ்சம் விரிக்கிறேன், லூப் எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். 1 முதல் 312 வரை உள்ளதை 2 முதல் 313 ஆக்க வேண்டும் என்று வையுங்கள், முன்னால் ஓர் அட்டைப் பக்கம் சேர்க்க வேண்டும். பட்டியலில் புதிய பெயர்களுக்குள் மோதலே இல்லை, யூனிக் ஒன்றும் சொல்லாது. ஆனால் முதலில் 1-ஐ 2 ஆக்கினால் பழைய 2 காலி. பின்னாலிருந்து தொடங்கினால் தப்பிக்கலாம். இரண்டு பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும் என்றால் பின்னாலிருந்தும் முடியாது. எல்லாவற்றுக்கும் பொருந்துவது இரண்டு கட்டம்: முதல் கட்டத்தில் எல்லாவற்றையும் வேறு எங்கும் வராத தற்காலிகப் பெயருக்கு, அல்லது பக்கத்தில் ஒரு காலி டைரக்டரிக்கு, கொண்டுபோங்கள். இரண்டாம் கட்டத்தில் இறுதிப் பெயர்.

எடிட்டரில் பழக்கம் உள்ளவர்களுக்கு மோர்யுடில்ஸ் தொகுப்பில் விஐடிர் இருக்கிறது. டைரக்டரியை எடிட்டரில் வரி வரியாகத் திறந்து தரும், பெயர்களை மாற்றிச் சேமித்தால் கோப்புகள் மாறும், இடமாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த கருவி. ஒரே ஒரு விஷயம், அதில் ஒரு வரியை அழித்தால் அந்தக் கோப்பே அழிந்துவிடும். "இதை மாற்ற வேண்டாம்" என்று நினைத்து வரியை நீக்குவது இயல்பான கைப்பழக்கம், இங்கே அது கூடாது, வரியை அப்படியே விட வேண்டும்.

கொம்பும்_காலும்:
தமிழ்ப் பெயர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே, அவர் ஒலிப்பதிவுகள் தமிழில் இருக்கின்றன என்று முதலிலேயே சொன்னார்.

நீலத்திரை, உங்கள் பட்டியலில் "கோவில்" என்று இரண்டு வரி, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லாமல், ஆனால் யூனிக் அவற்றை வேறு வேறு என்று சொன்னால் குழம்பாதீர்கள். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், அது 0பிசிபி. இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், 0பிசி7-உம் 0பிபிஇ-உம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. திரையில் ஒன்றுபோலத் தெரியும், லினக்ஸின் கோப்பு அமைப்புக்கு அவை வேறு பைட்டுகள், வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டும் இருக்கலாம். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு அமைப்பு எல்லாப் பெயரையும் பிரித்தே சேமிக்கும், அதனால் அங்கிருந்து வந்த கோப்புகளில் பிரிந்த வடிவம் அதிகம். இப்போதைய ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக நடத்துகிறது.

இதற்குக் கான்வ்எம்வி என்று ஒரு கருவி. எங்கிருந்து யுடிஎஃப்8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை), எங்கே யுடிஎஃப்8 என்று இரண்டையும் ஒன்றாகவே கொடுத்து மைனஸ் மைனஸ் என்எஃப்சி சேர்த்தால் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும். இயல்பாகவே ஒத்திகைதான் பார்க்கும், மைனஸ் மைனஸ் நோடெஸ்ட் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் மாற்றும். எல்லாக் கருவிகளும் இப்படி இருந்தால் இந்த இழையே பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

கான்வ்எம்வியாலும் தீராதது ஒன்று உண்டு. "கௌ" என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் ளகரம் என்று தட்டியிருப்பார்கள், "கெள". பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. யூனிகோடுக்கு அவை தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், "ெள" வரும் பெயர்களை மட்டும், வரிகளைத் தேடி எடுக்கும் கிரெப் கட்டளை போட்டு எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கண்மூடி மாற்றிவிடாதீர்கள், "வெள்ளம்" "வௌ்ளம்" ஆகிவிடும்.

நீலத்திரை:
இதை எதிர்பார்க்கவில்லை. அப்படியென்றால் பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் எடு, கடைசி எழுத்தை வெட்டு மாதிரி வேலைகள்?

கொம்பும்_காலும்:
அவற்றில் கவனம் வேண்டும். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. பேஷுக்கு ஐந்து, இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும். வட்டில் அது 15 பைட். முதல் மூன்றை எடு என்றால் "தமி" வரும், கடைசியை வெட்டு என்றால் புள்ளி மட்டும் போய் "தமிழ" என்று நிற்கும். எழுத்துகளை மாற்றும் க்னூவின் டிஆர் கட்டளையோ பைட் பைட்டாக வேலை செய்கிறது, தமிழ்ப் பெயரை அதனிடம் காட்டவே காட்டாதீர்கள்.

பைட் என்றதும் இன்னொன்று. லினக்ஸின் கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்8-இல் 3 பைட், ஆக 85 குறிகள், புள்ளியும் கொம்பும் காலும் அதில் சேர்த்தி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் எல்லை 255 யுடிஎஃப்16 அலகு, தமிழ்க் குறிக்கு ஓர் அலகுதான். அதனால் விண்டோஸில் தாராளமாக வைத்த நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸுக்கு வரும்போது "பெயர் மிக நீளம்" என்று நின்றுவிடும். முன்னொட்டு சேர்க்கும்போதும் இதே இடத்தில் முட்டுவீர்கள்.

ஜன்னலோரம்:
எதிர்த்திசையிலும் உண்டு. லினக்ஸ் பெயரில் சாய்கோட்டையும் பூஜ்ய பைட்டையும் தவிர எதையும் அனுமதிக்கும். விண்டோஸ் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள், குழாய்க்குறி, கோண அடைப்புகள், பின்சாய்கோடு எதையும் ஏற்காது. ஒலிப்பதிவுகளுக்கு நேரத்தை 10:30 என்று பெயரில் வைத்திருந்தால் இப்போதே கோடாக மாற்றிவிடுங்கள்.

நீலத்திரை:
பட்டியல் போட்டேன். வலது பத்தியில் நூற்றுக்கும் மேல் மோதல்கள். பழங்கணினி சார் சொன்ன அதே காரணம், இரண்டு கேமராவிலும் ஒரே எண்கள். இவற்றுக்கு என்ன பெயர் வைப்பது? ஏதாவது தவறினால் பின்வாங்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.

பழங்கணினி:
பெயருக்கு, படம் எடுத்த நேரத்தை வையுங்கள். எக்ஸிஃப்டூல் படத்துக்குள் இருக்கும் எடுத்த தேதியைப் படித்து அதையே கோப்புப் பெயராக்கும். டெஸ்ட்நேம் என்ற பெயரில் கொடுத்தால் ஒத்திகை, ஃபைல்நேம் என்று கொடுத்தால் நிஜம். ஒரே நொடியில் எடுத்த தொடர் படங்கள் மோதும், அதற்குத் தேதி வடிவத்தோடு சி என்ற எண்ணியைச் சேர்த்தால் பின்னால் 1, 2 என்று தானே போட்டுக்கொள்ளும். அரட்டைச் செயலிகள் வழியாக வந்த படங்களில் பெரும்பாலும் தேதி இருக்காது, அவற்றை அது தொடாமல் விட்டுவிடும், நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு கேமராவில் ஒன்றின் கடிகாரம் தப்பாக இருந்ததா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

பின்வாங்க: மாற்றுவதற்கு முன் சிபி மைனஸ் ஏஎல் போட்டு ஃபோல்டரைப் பக்கத்தில் இன்னொரு பெயரில் நகலெடுங்கள். அந்த எல் இருப்பதால் படங்களை நகலெடுக்காது, ஹார்டு லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர், மட்டும் வைக்கும், நாலாயிரம் கோப்பும் சில நொடியில் முடியும், வட்டில் இடமும் பிடிக்காது. இந்தப் பக்கம் பெயரை மாற்றினாலும், எம்வி ஒன்றின் மேல் ஒன்றை எழுதினாலும், அந்தப் பக்கம் பழைய பெயரில் பழைய படம் அப்படியே இருக்கும். அதே டிரைவில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. படத்துக்குள் திருத்தினால் இரண்டு பக்கமும் மாறக்கூடும், எனவே இதைப் பெயர் மாற்றத்துக்கு மட்டுமான பாதுகாப்பாக வையுங்கள், உண்மையான பேக்கப் வேறு.

இரண்டு பத்திப் பட்டியலையும் அழிக்காதீர்கள். பத்திகளை இடம் மாற்றி அதே லூப்பில் கொடுத்தால் எல்லாம் பழைய பெயருக்குத் திரும்பும்.

நீலத்திரை:
ஹார்டு லிங்க் நகல் எடுத்தாயிற்று. எக்ஸிஃப்டூல் ஒத்திகையில் படங்கள் சரியாக வருகின்றன, தேதி இல்லாதவை ஒரு கை எண்ணிக்கைதான். ஒலிப்பதிவுகளைக் கான்வ்எம்வி ஒத்திகையில் போட்டேன், இரண்டு கோப்புகள் சேர்ந்த வடிவத்துக்கு வந்தால் ஒரே பெயராகிவிடுகின்றன. கேட்டுப் பார்த்தால் ஒரே பதிவு மாதிரிதான் இருக்கிறது. ஒன்றை அழிக்கலாமா?

கொம்பும்_காலும்:
கேட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு கோப்புகளை ஒப்பிடும் சிஎம்பி கட்டளைக்கு இரண்டையும் கொடுங்கள். பெயரைக் கையால் தட்ட வேண்டாம், உங்கள் விசைப்பலகை ஒரு வடிவத்தைத்தான் தட்டும், டேப் விசையால் நிரப்புங்கள் அல்லது நட்சத்திரம் போட்டு ஷெல்லையே விரிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் பைட்டுக்குப் பைட் ஒன்று, ஒன்றை அழிக்கலாம். வேறுபாடு இருக்கிறது என்றால் ஒன்றுக்குப் பின்னால் _2 சேர்த்துவிட்டுக் கான்வ்எம்வியை மறுபடி ஓட்டுங்கள்.

நீலத்திரை:
ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றை அழித்துவிட்டு நோடெஸ்ட் போட்டு ஓட்டிவிட்டேன். ஸ்கேன் பக்கங்களும் மூன்று இலக்கத்துக்கு வந்துவிட்டன, 2 இப்போது 1-க்கு அடுத்தே நிற்கிறது. டைரக்டரி பெயர்களில் உள்ள இடைவெளி மட்டும் மிச்சம்.

அடைப்புக்குறி:
அதற்கு, உள்ளே உள்ளே போய்க் கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளை போடும்போது மைனஸ் டெப்த் சேருங்கள், உள்ளே இருப்பவற்றை முடித்துவிட்டு வெளி டைரக்டரிக்கு வரும். இல்லையென்றால் வெளி டைரக்டரியின் பெயர் முதலில் மாறி, உள்ளே போகும் பாதையே இல்லாமல் போகும். கிடைத்த ஒவ்வொன்றின் மேலும் கட்டளையை ஓட்ட எக்ஸெக் வேண்டாம், எக்ஸெக்டிர் போடுங்கள். அப்போது பாதை முழுவதும் வராமல் அந்தப் பெயர் மட்டும் வரும், மேலே இருக்கும் டைரக்டரிகளின் இடைவெளியில் உங்கள் ரீஜெக்ஸ் கை வைக்காது.